நாற்பது டன் காகிதமும் ஐந்து மன்னிப்புகளும்

டிங்லி அண்ட் சன், புத்தகப் பதிப்பாளர்கள்
(பழைய முகவரிக்கு எழுத வேண்டாம், அந்தத் தெருவே இப்போது இல்லை)
லூயிஷம், லண்டன்
12 அக்டோபர் 1942, திங்கள்கிழமை

அன்புள்ள மைத்துனன் பெர்சிக்கு,

உன் அக்காள் புருஷன் ஹொரேஸ் டிங்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அக்கா வின்னியும், வீட்டுக் கூரையில் முக்கால்வாசியும் நலம். அங்கே நியூசிலாந்தில், டுனெடினில் நீயும், உன் புத்தகக் கடையும், உன் முழுக் கூரையும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். மூன்றரை வருஷமாக நான் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. அதற்குக் காரணம் கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபம்தான். இப்போது அது போய்விட்டது. உன்னை முழு மனதோடு மன்னித்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவதற்குக் காரணம் உண்டு. கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும் போலிருக்கிறது. பாதியில் நீ இதை அடுப்பில் போட்டாலும் முக்கியமான செய்தி உனக்கு வந்து சேர்ந்திருக்கும் அல்லவா.

1939 மார்ச்சில் நடந்ததை நான் கிளற விரும்பவில்லை. ஆனால் கிளறாமல் விஷயத்துக்கு வர வழியில்லை. ரெவரண்ட் மேப்பிள்பெக் எழுதிய ‘வட இங்கிலாந்துப் பாசிகள்’ நினைவிருக்கிறதா? ஈரச் சுவரில் பச்சையாகப் படருமே, அந்தப் பாசியைப் பற்றி இரண்டு பாகம். எடைக்குப் போட்டால் ஒரு செட் இரண்டு கிலோ தேறும். அந்த மனுஷர் என் அப்பா காலத்திலிருந்து நமக்குத் தெரிந்தவர் என்பதற்காக, போனால் போகிறது, இரண்டாயிரம் செட் போடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு நான்கு டன் தாள் போதும். தாள் வாங்குவது உன் மேசை வேலை. ஒரு புதன்கிழமை காலை மில்லிலிருந்து லாரி வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று, தெருமுனை வரை லாரி நிற்கிறதாம், நாற்பது டன். நம் அச்சகத்துக்காரன்தான் ஸ்காட்லாந்துக்காரன் ஆயிற்றே, வந்த தாளை அச்சடிப்பது என் வேலை, கேள்வி கேட்பது என் வேலை இல்லை என்று நான் வெளியூர் போயிருந்த பத்து நாளில் இருபதாயிரம் செட் அச்சடித்து அடுக்கிவிட்டான். அந்த ஆகஸ்டுக்குள் விற்றது முப்பத்தொரு செட். வாங்கியவர்களில் பத்தொன்பது பேர் பாதிரியாருக்குச் சொந்தக்காரர்கள். ஈஸ்டர் விருந்தில் ஆட்டுக்கறி ஆற ஆற நான் உன்னைப் பார்த்துச் சொன்னது உனக்கு மறந்திருக்காது. “நாலுக்கும் நாப்பதுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் புத்தகத் தொழில் எதுக்குப்பா? பேசாம ஆடு மேய்க்கப் போ. நியூசிலாந்துல ஆளைவிட ஆடு அதிகமாம். ஒண்ணு ரெண்டு தப்பா எண்ணினாலும் யாரும் கேக்க மாட்டாங்க” என்றேன். கையோடு கப்பல் டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தேன். நீ உருளைக்கிழங்கைத் தட்டில் இப்படியும் அப்படியும் உருட்டிக்கொண்டிருந்தாய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று அன்று ராத்திரி வின்னியிடம் சொன்னேன். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள். போகட்டும், அதையெல்லாம் இப்போது மன்னித்துவிட்டேன்.

இனிமேல்தான் வேடிக்கை. போர் வந்தது. போர் வந்ததும் தாளுக்கு ரேஷன் வந்தது. மரக்கூழ் வந்துகொண்டிருந்த நார்வேயை ஹிட்லர் பிடித்துக்கொண்டான், இருக்கிற தாளை எப்படிப் பங்கு போடுவது என்று சர்க்காரில் பெரிய மூளைகள் எல்லாம் கூடி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1939 ஆகஸ்டோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தப் பதிப்பாளர் எவ்வளவு தாள் உபயோகித்தாரோ அதில் நூற்றுக்கு அறுபது. பிறகு ஐம்பது. இப்போது முப்பத்தேழரை. அந்த வருஷம் புத்திசாலித்தனமாகச் சிக்கனமாக இருந்தவன் எல்லாம் இன்று தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்த வருஷம் கிறுக்குத்தனமாகச் செலவழித்தவன் ராஜா. பெர்சி, அந்த வருஷம் இந்த நாட்டில் நம்மைப் போலக் கிறுக்குத்தனமாகச் செலவழித்தவன் யார்? வழக்கமாக நாம் வருஷத்துக்கு உபயோகிப்பது பன்னிரண்டு டன். அதோடு உன் நாற்பது. ஐம்பத்திரண்டில் முப்பத்தேழரை விழுக்காடு, பத்தொன்பதரை டன். சர்க்காரிடமிருந்து முதல் ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த அன்று நான் அதை நான்கு தடவை படித்துவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி உன் பழைய மேசையைப் பார்த்து ஒரு வணக்கம் போட்டேன். இதை யாரிடமும் சொல்லாதே.

அதோடு நின்றதா என்றால் இல்லை. 1940 டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை விமானக் குண்டுவீச்சில் நம் தெரு மொத்தமும் எரிந்தது உனக்குத் தெரியும். பக்கத்துப் பதிப்பாளர்களின் கிடங்குகளில் இருந்த லட்சக்கணக்கான புத்தகங்கள் ஒரே இரவில் சாம்பலாகிவிட்டன. மறுநாள் காலை கால் வைக்க முடியாத சூட்டில் நின்றுகொண்டு பெரிய பெரிய மனிதர்கள் எல்லாம் குழந்தை மாதிரி அழுதார்கள். நானும் அழுதேன். ஆபீஸ் போய்விட்டதே, அப்பா உட்கார்ந்த நாற்காலி போய்விட்டதே என்று. ஆனால் பாசிகள் போகவில்லை. ஏன் என்றால் இருபதாயிரம் செட்டை வைக்க நம் கிடங்கில் எங்கே இடம்? ஆரம்பத்திலேயே அவற்றை ஊரெங்கும் ஒளித்துவைத்திருந்தேன். பாதிரியாரின் தேவாலயத்து நிலவறையில் பாதி, லூயிஷமில் மூடிக்கிடந்த நீச்சல் குளத்தில் கால்வாசி, மிச்சம் நம் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலும், குளியலறையிலும், உன் அக்காவின் பியானோவுக்கு உள்ளேயும். ஊரில் புத்தகக் கடைகள் காலி. பதுங்கு குழியில் ராத்திரி முழுவதும் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குப் படிக்க ஏதாவது வேண்டும். படிக்க இருந்தது பாசி ஒன்றுதான்.

விற்பனை நடந்த விதத்தைக் கேட்டால் நீ சிரிப்பாய். ஆபீஸ் எரிந்த பிறகு எனக்குக் கிடைத்த இடம் லூயிஷமில் ஒரு பழைய மீன் கடை. கடைக்காரர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். வாசலில் பெயர்ப்பலகையை எடுக்க ஏணி கிடைக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். மீன் வைக்கும் சலவைக்கல் மேடையில் கையெழுத்துப் பிரதிகளைப் பரப்பி வைத்திருக்கிறேன். தெருப் பூனைகள் தினமும் ஆசையாக வந்து மோந்து பார்த்துவிட்டு, ஏமாந்து போய், இலக்கியத்தின் மீது உட்கார்ந்துவிட்டுப் போகின்றன. ஒருநாள் மூன்று கடைக்காரர்கள் மொத்தமாகப் பாசி வாங்க வந்து வாசலில் வரிசையாக நின்றார்கள். நம் ஜனங்களைத்தான் உனக்குத் தெரியுமே. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் காரணம் கேட்காமல் பின்னால் நின்றுகொள்ளும். மீன் கடை வாசலில் மூன்று பேர் நின்றால் கேட்கவே வேண்டாம். கால் மணி நேரத்தில் வரிசை தபால் நிலையம் வரை போய்விட்டது. உள்ளே இருந்தபடி நானே காதால் கேட்டேன்.

“என்ன மீன் வந்திருக்காம்?”

“தெரியலியே. இப்ப ஒருத்தர் ரெண்டு பொட்டலம் தூக்க முடியாம தூக்கிட்டுப் போனார். காட் மீனாத்தான் இருக்கும்.”

ஒன்றரை மணி நேரம் மழையில் நின்று மேடைக்கு முன்னால் வந்து சேர்ந்த முதல் அம்மாளிடம் நான் உண்மையைச் சொன்னேன். “மீன் இல்லைங்கம்மா. பாசி இருக்கு. புத்தகம்.”

அந்த அம்மாள் பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். “ரேஷன் கூப்பன் கேப்பீங்களா?”

“கேக்க மாட்டோங்க.”

“அப்ப ரெண்டு குடுங்க.”

அதன் பிறகு ஒருத்தர்கூட வெறுங்கையோடு திரும்பவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் வாங்காமல் போவது மானக்கேடு அல்லவா, பின்னால் நிற்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஏழு மாதத்தில் இருபதாயிரமும் தீர்ந்துவிட்டது. பியானோ மறுபடி சத்தம் போடுகிறது. மேப்பிள்பெக் பாதிரியார் இன்று பிரபலஸ்தர். நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறான். கடலுக்கடியில் இருபத்திரண்டு நாள், பதினாறு பேருக்கு ஒரே புத்தகம், தலைக்கு மேல் குண்டு வெடிக்கும்போது சமையற்காரர் இரண்டாம் பாகத்தை உரக்கப் படிப்பாராம், பாசி எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்று கேட்கக் கேட்க எல்லோருக்கும் மனசு அடங்கிவிடுமாம். பாதிரியார் அந்தக் கடிதத்தை மடித்து நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறார். தலை சீவிக்கொள்ளவும் ஆரம்பித்திருக்கிறார். விதவைகள் இருவர் ஞாயிறு பூசைக்கு முன்வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போடுவதாகக் கேள்வி. இத்தனைக்கும் மூலகாரணம் உன் கை செய்த ஒரு பிழை என்று நினைக்கும்போது என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. மன்னித்துவிட்டேன், பெர்சி.

இப்போது பெரிய பதிப்பாளர்கள் என்னைத் தேடி மீன் கடைக்கு வருகிறார்கள். முன்பெல்லாம் பதிப்பாளர் சங்கக் கூட்டத்தில் என்னைப் பார்த்தால் கடிகாரத்தைப் பார்ப்பார்களே, அதே ஆட்கள். போன மாதம் ஒருவர் என்னைப் பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போய் முயல்கறி என்று சொல்லி ஏதோ ஒன்றை வாங்கிக் கொடுத்தார். “டிங்லி, என்கிட்ட ஆசிரியர்கள் இருக்காங்க, தாள் இல்லை. உங்ககிட்ட தாள் இருக்கு, ஆசிரியர் யாருன்னு பாத்தா பாசிக்காரர் ஒருத்தர்தான். ரெண்டு பேரும் சேர்ந்தா என்ன?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல நல்ல நாவல்கள் அப்படி நம் கைக்கு வந்திருக்கின்றன. உண்மையைச் சொல்கிறேன், அப்பா காலத்தில்கூட நாம் இவ்வளவு நல்ல புத்தகங்கள் போட்டதில்லை. ஆனால் அவற்றின் தோற்றத்தைப் பற்றி நீ கடை முதலாளி என்ற முறையில் நிறுவனத்துக்குப் போட்ட கடிதத்தில் எழுதிய குறையை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எழுத்து எறும்பு மாதிரிதான் இருக்கிறது. தாளை மிச்சம் பிடிக்க ஓரத்தில் இடமே விடக் கூடாது என்று பதிப்பாளர்களுக்குள் ஒப்பந்தம், புத்தகத்தைப் பிடித்தால் கட்டைவிரலுக்கு அடியில் கதாநாயகி காணாமல் போகிறாள். தாள் வெங்காயத் தோல் கனம்தான், இந்தப் பக்கம் கல்யாணம் நடக்கும்போது அந்தப் பக்கத்துக் கொலையும் சேர்ந்து தெரிகிறது. என்ன செய்ய?

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். ‘அறுநூறு பிரதி கேட்டோம், பதினான்கு வந்து சேர்ந்தது. அவற்றை நாங்கள் விற்கவில்லை, நாள் வாடகைக்கு விடுகிறோம். பெயர் பதிந்து காத்திருப்போரில் இருவர் காலமாகிவிட்டனர்.’ கீழே கையெழுத்து, பி. ஸ்நெல்லிங். ‘அன்புள்ள அத்தான்’ இல்லை, ‘அக்கா சுகமா’ இல்லை, ‘டிங்லி அண்ட் சன் நிறுவனத்தாருக்கு’ என்று ஆரம்பம். எனக்குச் சுருக்கென்றது. உன் அறுநூறின் கதை இதுதான். முந்நூறு போன கப்பல் அட்லாண்டிக்குக்கு அடியில் இருக்கிறது, அங்கே மீன்கள் நாவல் படிக்கின்றன. இருநூற்று எண்பத்தாறைக் கப்பலில் ஏற்றவே இல்லை, ஏனென்றால் இங்கேயே ஜனங்கள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். மீதி பதினான்கு. நீ எண்ணியது இந்தத் தடவை சரிதான். கடல் கடந்த வாசகர்களை நாம் கைவிட்டால் அமெரிக்காக்காரன் கொத்திக்கொண்டு போய்விடுவான், போர் முடிந்த பிறகு அவர்கள் நம்மிடம் திரும்பி வர மாட்டார்கள் என்று சங்கத்தில் மூச்சுக்கு மூச்சு சொல்கிறார்கள். அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். அடுத்த நாவலில் முதல் அறுநூறு பிரதி உனக்குத்தான். இரண்டு கப்பலில் பாதிப் பாதியாக அனுப்புகிறேன்.

அனுப்புகிறேன் என்று எழுதினேன். அனுப்புவதற்கு நம் நிறுவனம் இருந்தால். பெர்சி, இத்தனை நேரம் நான் சிரித்துக்கொண்டு எழுதியதெல்லாம் இதைச் சொல்வதைத் தள்ளிப்போடத்தான். போன செவ்வாய்க்கிழமை காகிதக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து திரு. பிம்லாட் என்று ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். சைக்கிளில்தான் வந்தார், நல்ல மனுஷர், டீ கொடுத்தபோது ரேஷனில் எங்களுக்குக் குறையும் என்று சர்க்கரை வேண்டாம் என்றுவிட்டார். அப்படிப்பட்டவர் பையிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து மேடையில் வைத்தார். கண்ணாடி போட்ட சட்டம். அதற்குள் ஒரு கடிதம். 1939 ஏப்ரலில் நான் மில்லுக்கு எழுதிய கடிதம். மில் ஆபீஸில் பழைய காகிதம் பூராவையும் போர் நிதிக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம், இதை மட்டும் குமாஸ்தாக்கள் படித்துச் சிரிப்பதற்காகச் சுவரில் மாட்டி வைத்திருந்தார்களாம்.

“மிஸ்டர் டிங்லி, இது நீங்க எழுதினதுதானே?”

“ஆமாங்க. கோபத்துல எழுதினது.”

“கோபத்துலயும் நல்லா தெளிவா எழுதியிருக்கீங்க. ‘நாற்பது டன் தாளை எங்கள் நிறுவனம் கேட்கவே இல்லை. எங்கள் தேவை நான்கு டன் மட்டுமே. இது புத்தி பேதலித்த ஒருவன் செய்த வேலை. எக்காலத்திலும் இதை எங்கள் உபயோகமாகக் கருதக் கூடாது.’ எக்காலத்திலும்கிறதுக்குக் கீழ சிவப்பு மையில கோடு வேற போட்டிருக்கீங்க.”

“அன்னிக்குக் கையில இருந்தது அந்த மைதாங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நீங்க கேக்காத தாளை உங்க உபயோகம்னு நான் எப்படி எழுதுறது சொல்லுங்க. உங்க பேர்ல இருக்க வேண்டியது பதினாறு டன். அதுக்கு இன்னிக்கு ஆறு டன் வரும். இதுவரைக்கும் நீங்க கூடுதலா வாங்கினதைக் கழிச்சா, அடுத்த மூணு வருஷத்துக்கு அதுவும் வராது.”

“மூணு வருஷம் தாள் இல்லாம பதிப்பாளர் என்னங்க பண்றது?”

“மீன் கடைக்கு இடம் நல்ல இடம்” என்றார். கேலியாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் சிவப்பு மையால் கெட்டேன். வாசல் வரை போனவர் என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுத் திரும்பி வந்து ஒரு வழி சொன்னார். நாற்பது டன் கேட்டு மில்லுக்குப் போன மூலச் சீட்டைக் காட்டினால் போதுமாம். அதை என் ஏப்ரல் கடிதம் கிடைத்த சூட்டிலேயே நமக்கே திருப்பி அனுப்பிவிட்டதாக மில்லில் சொல்கிறார்கள், நான் பார்த்ததில்லை, எங்கேயோ எரிந்திருக்கும். அது இல்லாவிட்டால், சீட்டு எழுதிய ஆளே, நிறுவனத்தின் பேரில், முதலாளியின் சம்மதத்தோடுதான் எழுதினேன் என்று நீதிபதி ஒருவர் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். புது வருஷத்துக்குள். அந்த ஆள் நீதான், பெர்சி. அதாவது அப்பா ஐம்பது வருஷம் கட்டி வளர்த்த இந்த நிறுவனம், நான் ஆடு மேய்க்க அனுப்பிய உன் பேனா முனையில் தொங்குகிறது. இந்த இடத்தில் உனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உனக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று வாசகத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன்.

‘பெர்சிவல் ஸ்நெல்லிங் ஆகிய நான், 1939 மார்ச் மாதம், முழுச் சுயநினைவோடும், நல்ல கண்பார்வையோடும், எண்களைப் பற்றிய போதுமான அறிவோடும், என் அத்தான் அவர்களின் தொலைநோக்கான யோசனையின்படி நாற்பது டன் தாள் கேட்டு எழுதினேன் என்று உறுதி கூறுகிறேன்.’

தொலைநோக்கு என்ற வார்த்தை அதிகமோ என்று எனக்கும் தோன்றுகிறது. உனக்குப் பிடிக்காவிட்டால் அதை அடித்துவிடு, எண்களை மட்டும் தொடாதே. இதை எழுதும்போது உன் அக்கா எதிரே உட்கார்ந்து பட்டாளத்துக்குக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். “சாயந்திரத்திலேர்ந்து என்னதான் எழுதுறீங்க?” என்று இப்போதுதான் கேட்டாள். “உன் தம்பியை மன்னிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றேன். “இன்னுமா முடியல?” என்றாள். உன் மீது அவளுக்கு எவ்வளவு பாசம் பார். அவளுக்காகவும் சொல்கிறேன், மனிதன் என்றால் தவறு செய்வான், பெரிய மனது உள்ளவன் அதை மறப்பான், நான் மறந்து மன்னித்துவிட்டேன். போர் முடிந்ததும் நீ திரும்பி வந்துவிடு. உன் பழைய மேசை எரிந்துவிட்டது, ஆனால் மீன் நறுக்கும் மேசை ஒன்று காலியாக இருக்கிறது, நல்ல உறுதியான மேசை. வேலை செய்யும்போது பக்கத்தில் ஒருவரை வைத்து எண்ணச் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

குளிர் காலம் இங்கே ஆரம்பித்துவிட்டது, அங்கே வெயில் என்று நினைக்கிறேன், தொப்பி போடாமல் அலையாதே. உனக்கு நீண்ட ஆயுளும், நல்ல ஆரோக்கியமும், கூடிய சீக்கிரம் கூட்டல் கழித்தல் தெரிந்த ஒரு மனைவியும் அமைய நாங்கள் இருவரும் மனதார ஆசீர்வதிக்கிறோம். மேப்பிள்பெக் பாதிரியார் தம் பங்குக்கு ஆசி அனுப்பியிருக்கிறார், அவருடையது என்னுடையதைவிட நன்றாகப் பலிக்கும். கடைசியாக ஒரு தடவை சொல்லி முடிக்கிறேன், மன்னித்துவிட்டேன்.

பெரிய மனது கொண்ட உன் அத்தான்,
ஹொரேஸ் டிங்லி

பின்குறிப்பு: வியாழக்கிழமை. திங்கட்கிழமையே ஒட்டி அனுப்பியிருக்க வேண்டிய கடிதம் இது. தபால்தலை ஒட்டுவதற்கு முன்னால் வின்னி படிக்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். படித்து முடித்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள், பிறகு பார்த்தால் அழுகிறாள். மாடிக்குப் போனாள். தொப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதன் அடியில் ஒரு சீட்டு. மில்லுக்குப் போன சீட்டு. நாற்பது டன், எண்ணிலும் எழுதி எழுத்திலும் எழுதியிருக்கிறது. கீழே வாலை நீட்டிச் சுழித்த ஒரு கையெழுத்து. அந்த வாலை இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் போடுவதில்லை, பெர்சி. தேதியைப் பார்த்தேன். அன்று மேப்பிள்பெக் பாதிரியார் தம் வீட்டுத் தோட்டத்துப் பிளம் பழ மது இரண்டு புட்டியோடு ஆபீசுக்கு வந்திருந்தார். முதல் கோப்பை எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் காலை நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் நினைவில்லை. அந்த நடுவில்தான் தாள் கேட்டு எழுதியிருக்கிறேன்.

“இது உன்கிட்ட எப்படி வந்துச்சு?” என்று கேட்டேன்.

“மில்காரங்க திருப்பி அனுப்பினப்ப தபாலைப் பிரிச்சவன் அவன்தானே. கப்பல் ஏறுற அன்னிக்கு என் கையில குடுத்தான். ‘அக்கா, இதை இப்ப அத்தான்கிட்ட காட்டாதே. தன்கிட்ட தப்பே வராதுங்கிற நம்பிக்கையிலதான் அந்த மனுஷர் கம்பெனியை நடத்துறார். அது போச்சுன்னா ரெண்டே நாள்ல படுத்துடுவார். எனக்கென்ன, எங்க போனாலும் பொழைச்சுக்குவேன். என்னிக்காவது இது அவருக்கு உபயோகப்படும்னா அன்னிக்குக் காட்டு’ன்னான்.”

மூன்றரை வருஷம். அவள் தினமும் எனக்கு எதிரில் உட்கார்ந்து உன்னை நான் பேசிய பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு காலுறை பின்னியிருக்கிறாள்.

இன்று காலை பிம்லாட் வந்தார். சீட்டைப் பார்த்தார், சட்டத்துக்குள் இருந்த கடிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப அந்தப் புத்தி பேதலித்த ஆள்...”

“நான்தாங்க” என்றேன்.

“நிச்சயமாவா? எழுதிக்கட்டுமா?”

“தாராளமா எழுதிக்குங்க. சிவப்பு மையிலயே எழுதுங்க. இவ்வளவு பெரிய முட்டாள்தனத்தை நான்தான் பண்ணினேன், முழுசா நானே பண்ணினேன், இதுல வேற யாருக்கும் பங்கு இல்ல.”

என் வாழ்நாளில் இவ்வளவு பெருமையாக எதையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. அவர் பத்தொன்பதரை டன் என்று எழுதி, முத்திரை குத்தி, கை குலுக்கிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். அவர் போன பிறகு மீன் மேடையில் உட்கார்ந்துவிட்டேன். பெர்சி, நீ எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மேலே ஐந்து இடத்தில் ‘மன்னித்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறேனாம், வின்னி எண்ணிச் சொன்னாள், எண்ணுவதை இனி அவளிடம் விட்டுவிட்டேன். அந்த ஐந்து இடத்திலும் ‘மன்னித்துவிடு’ என்று படித்துக்கொள். அந்த ஈஸ்டர் விருந்தை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வந்துவிடு. நறுக்கும் மேசையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.

இந்த வெட்கங்கெட்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒழுங்காக வேறொன்று எழுதுகிறேன், ஒரு தாள் கொடு என்று உன் அக்காவிடம் கெஞ்சிப் பார்த்தேன். பத்தொன்பதரை டன் வைத்திருக்கும் மனுஷனுக்கு ஒரு தாள் தரமாட்டேன் என்கிறாள்.

“இது இப்படியே போகட்டும்” என்கிறாள். “அங்க அவனுக்குப் படிக்கப் புத்தகமே கிடைக்கலியாம். இதையாவது படிக்கட்டும்.”